சின்சினாட்டியின் பழைய நூலகம்

புதன்கிழமை வேலை முடிந்து தாரகன் வீட்டுக்கு வந்தபோது அவனுடைய ஆல்பம் சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. மகள் மதுஷா பிளாஸ்டிக் உறைகளுக்குள் விரலை விட்டு, பழைய தபால் அட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்கு எங்கட கிளாஸ்ல எக்ஸிபிஷன். பழைய கட்டடங்களைப் பற்றி. பேரன்ட்ஸ் எல்லாரும் வருவினம். நான் உங்கட லைப்ரரியைத்தான் காட்டப் போறன்."

தாரகன் செருப்பைக் கழற்றியபடியே நின்றான். "எந்த லைப்ரரி?"

"நீங்கள் படிச்சது. இது." சின்சினாட்டி நகரின் பழைய தலைமை நூலகத்தின் படத்தை அவள் தூக்கிக் காட்டினாள். நூறு வருடத்துக்கு முந்திய அட்டை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மேல் யாரோ நிறம் பூசியிருந்தார்கள். வானம் அளவுக்கு மீறி நீலமாகவும், வாசலில் நின்ற குதிரை வண்டி சிவப்பாகவும் இருந்தன.

"அது வேண்டாம், பிள்ளை. இதைக் கொண்டு போ. வால்நட் ஹில்ஸ் கிளை. வடிவான செங்கல் கட்டடம், இப்பவும் இருக்கு."

"ஆனா நீங்கள் இதிலதானே படிச்சனீங்கள்?"

சமையலறையிலிருந்து மனைவி கஜானி எட்டிப் பார்த்தாள். "கேக்கிறதைக் குடுங்கோவன். அதைப் பற்றித்தான் அவளுக்குக் கதை தெரியும்."

தாரகன் சரி என்று தலையாட்டினான். மதுஷா பெரிய மட்டையொன்றை விரித்து வைத்துக்கொண்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். உள்ளே போனால் கூரைவரை எழும் மண்டபம். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக இரும்பு மாடங்கள், அவை நிறையப் புத்தகங்கள். மாடத்திலிருந்து மாடத்துக்குச் சுழல் படிகள். கீழே சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த தரை. மேல் மாடத்தில் ஒரு மேசையில் அவன் இருந்து படிப்பான். கண்ணாடிக் கூரையில் பனி விழும். சத்தமே இருக்காது.

மதுஷா ஆங்கிலத்தில் அழகாக எழுதினாள்: 'என் அப்பா 2010ஆம் ஆண்டு இந்த நூலகத்தில் படித்தார்.'

தாரகன் சின்சினாட்டிக்குப் போனதே இல்லை. அமெரிக்காவில் எந்த ஊருக்கும் போனதில்லை. அந்த நூலகத்தை 1955ஆம் ஆண்டிலேயே இடித்துவிட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இலங்கையில் போரெல்லாம் முடிந்த அடுத்த வருடம், சின்சினாட்டியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. அப்பா இராஜரத்தினம் சாவகச்சேரியில் ஓய்வு பெற்ற வாத்தியார். விசா கையில் வருவதற்கு முன்பே அவர் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். வீட்டில் விருந்து வைத்தார்கள், கூடப் படித்தவர்கள் பெரிய பயணப்பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள், கோயிலில் அர்ச்சனை நடந்தது. தாரகன் கொழும்புக்குப் போய்த் தூதரகத்தில் நேர்முகத்துக்கு நின்றான். விசா கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் கிடைக்கவில்லை.

அந்தப் பெட்டியோடு ஊருக்குத் திரும்ப அவனுக்குக் கால் வரவில்லை. கொழும்பிலேயே, வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலைக்கு நின்றான். அப்பாவுக்கு மட்டும் சொன்னான். அப்பா போனில், "சரி, இப்போதைக்கு ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். ஒரு வருடம் கழித்து அவரே ஊருக்கு ஒரு கதை சொன்னார். மகன் அங்கே ஒரு வருடம் படித்தான், தகப்பனுக்குச் சுகமில்லை என்று படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டான். ஊர் அவனை மெச்சியது. கலியாணத் தரகரும் அதையே எல்லா இடமும் சொன்னார்.

அதுவரை அது அப்பாவின் பொய். கஜானியைப் பார்க்கப் போன அன்றுதான் அது அவனுடையதாயிற்று. பெரியவர்கள் கொஞ்சம் விலகிப் போனதும் கஜானி கூச்சத்தோடு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பனி விழேக்க சத்தம் கேக்காது எண்டு சொல்லுறவை. உண்மையோ?" அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை, நான் போகவில்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை. "ஓம், ஒரு சத்தமும் கேக்காது" என்றான்.

பிறகு கத்தாரில், தோகாவில் வேலை கிடைத்தது. ஒரு கட்டுமான நிறுவனத்தில், சைட்டுக்குப் போகிற வரைபடங்களுக்கெல்லாம் எண் போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் அடுக்கி வைக்கும் வேலை. நகரின் நஜ்மா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் குடியிருந்தார்கள். கஜானிக்குப் பக்கத்திலிருந்த பல் கிளினிக்கில் வரவேற்பாளர் வேலை. அவளுடைய சொந்தக்காரர் யாராவது வந்தால் அமெரிக்காப் படம் ஒன்றும் இல்லையா என்று கேட்பார்கள். லேப்டொப் களவு போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தான். பிறகு இணையத்தில் தேடி அந்த ஊரின் பழைய தபால் அட்டை ஒன்றை வாங்கினான். அந்தத் தலைமை நூலகத்தின் படம். அதைக் காட்டி இரண்டு வார்த்தை பேசினால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் அந்த அட்டைகள் அவனுக்கு உண்மையிலேயே பிடித்துப் போயின. சின்னக் கிளை நூலகங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நார்வுட், ஹைட் பார்க், அவண்டேல். எந்தப் படத்தில் தூண் இருக்கிறது, எதில் வளைவு இருக்கிறது என்றெல்லாம் தெரிந்து வைத்திருந்தான். அப்படித் தேடி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் தலைமை நூலகத்தை இடித்த கதை அவன் கண்ணில் பட்டது. அதற்குள் மதுஷாவைத் தூங்க வைக்க அவன் சொல்லும் கதையாக அந்த நூலகம் ஆகிவிட்டிருந்தது. அன்று அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி வாசித்தான். பிறகு, தோகாவில் இதை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை பள்ளி மண்டபம் பெற்றோரால் நிறைந்திருந்தது. கஜானிக்குக் கிளினிக்கில் லீவு கிடைக்கவில்லை, தாரகன் மட்டும் வந்திருந்தான். மதுஷாவின் தோழி ஹிஃப்ஸா லாகூர்க் கோட்டையை அட்டைப்பெட்டியில் செய்து வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்து மேசையில் மதுஷா தபால் அட்டைகளை வரிசையாக நிறுத்தி, நடுவில் தலைமை நூலகத்தை வைத்திருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் சளைக்காமல் விளக்கம் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் தகப்பனைக் கையால் காட்டினாள். ஆட்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

வகுப்பாசிரியை மிஸ் ஆமிரா ஒரு வெள்ளைக்கார அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். பள்ளி நூலகத்துக்கு இந்த வருடம்தான் வந்து சேர்ந்தவர், பெயர் மிஸ்ஸிஸ் கெஸ்லர். நீளப் பாவாடையும் ஓட்டக்காரர்கள் போடும் சப்பாத்துமாக உயரமாக இருந்தார். மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஐயோ, இது என்னுடைய ஊர்!" என்றார். "இந்த நார்வுட் நூலகத்தில்தான் எனக்கு முதல் உறுப்பினர் அட்டை கிடைத்தது. இதெல்லாம் எப்படி இங்கே வந்தது?"

"என் அப்பாவுடையவை," என்றாள் மதுஷா. "அவர் அங்கேதான் படித்தார். இந்த நூலகத்தில்."

மிஸ்ஸிஸ் கெஸ்லர் குனிந்து மட்டையில் எழுதியிருந்ததை வாசித்தார். முகத்திலிருந்த மகிழ்ச்சி குறையவில்லை, ஆனால் குரல் கொஞ்சம் மெதுவாயிற்று. "இது பழைய நூலகம், கண்ணே. இதை நான் பிறக்கும் முன்னமே இடித்துவிட்டார்கள். என் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்." பிறகு தாரகனிடம் திரும்பினார். "நீங்கள் போனது அதே தெருவில் இருக்கிற புதியதாக இருக்கும், இல்லையா? இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், யாருக்கும் மாறிப் போகும்."

சுற்றி நின்றவர்கள் அவனுடைய பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுஷாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஏதோ சொல்லப் போகிறார், இந்த அம்மாவுக்குத்தான் சரியாகத் தெரியவில்லை என்ற நம்பிக்கை அவள் முகத்தில் இருந்தது.

"ஆமாம், புதியதுதான்," என்றான் அவன். "நான் சரியாகத்தான் சொன்னேன். பிள்ளை மாற்றி எழுதிவிட்டாள்."

சொன்ன பிறகும் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

மதுஷா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் முதலில் குழப்பம்தான் தெரிந்தது. பிறகு அவளுக்கு விளங்கியது. விளங்கிய அந்தக் கணத்தை அவன் பார்த்தான். அவள் மட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொரி மிஸ். நான்தான் மாற்றி எழுதிவிட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அப்பா வீட்டிலேயே இருக்கிறார். எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாமே, மதுஷா," என்றார் மிஸ் ஆமிரா. கோபமாகச் சொல்லவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. ஆசிரியை அந்த வரியின் மேல் வெள்ளைக் காகிதம் ஒன்றை ஒட்டச் சொன்னார். மதுஷா கத்தரிக்கோல் எடுத்து, காகிதத்தை அளவாக வெட்டி ஒட்டினாள்.

ஒரு நாள் நூலகத்துக்கு வாருங்கள், ஊரைப் பற்றிப் பேசலாம் என்று மிஸ்ஸிஸ் கெஸ்லர் அழைத்தார். டியூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாரகன் வெளியே வந்தான். கார் நிறுத்துமிடத்தில் தன் காரைத் தேடி இரண்டு வரிசை தாண்டிப் போய்விட்டான்.

பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். வழக்கமாக முன்னால் ஏற அடம்பிடிப்பவள். நஜ்மா சிக்னல்வரை அவன் என்னென்னவோ சொல்ல நினைத்தான். "பசிக்குதோ?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்று தலையாட்டியது கண்ணாடியில் தெரிந்தது.

கஜானி வந்ததும் எக்ஸிபிஷன் எப்படி என்று கேட்டாள். மதுஷாவே நடந்ததைச் சொன்னாள். தான் கட்டடத்தை மாற்றி எழுதிவிட்டதாகவும், மிஸ் காகிதம் ஒட்டச் சொன்னதாகவும் சொன்னாள். கஜானிக்குக் கோபம் வந்தது.

"அப்பா எத்தினை தரம் சொன்னவர்! கவனமாக் கேட்டு எழுத உனக்கென்ன? அந்த மனுசி முன்னால அவருக்கு எவ்வளவு வெக்கமா இருந்திருக்கும்!"

"சொரி அம்மா," என்று சொல்லிவிட்டு மதுஷா தன் அறைக்குள் போனாள். ஒரு தடவைகூடத் தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தாரகனால் இருக்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயை மூடினான். "கஜானி, பிள்ளை மாறி எழுதேல்ல," என்றான். "நான் சொன்னதைத்தான் எழுதினவள்."

"அப்ப நீங்கள் மாறிச் சொல்லிட்டியளோ?"

"நான் அங்க போகவே இல்லை."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "எங்க? அந்த லைப்ரரிக்கோ?"

"அமெரிக்காவுக்கு. விசா கிடைக்கேல்ல. அந்த வருசம் முழுக்க வெள்ளவத்தையில ஒரு கடையில நிண்டனான்."

கஜானி கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். அழுவாள் என்று அவன் நினைத்தான், அழவில்லை.

"என்ர அம்மாவுக்குச் சொன்னனான்," என்றாள். "கிளினிக்கில எல்லாருக்கும் சொன்னனான். கனடாவில, ரொறொன்ரோச் சித்திக்கு நேற்றும் சொன்னனான், இவருக்குப் பனியெல்லாம் பழக்கம் எண்டு."

"கலியாணத்துக்கு முதல் சொல்லியிருக்க வேணும்."

"சொல்லியிருந்தா நான் மாட்டன் எண்டு சொல்லியிருப்பனோ?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதைத்தான் சொல்லுறன். நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு இனி எனக்கே தெரியப் போறதில்லை." அவள் குரல் உயரவில்லை. "அது கிடக்கட்டும். அதை நான் பிறகு பாத்துக்கொள்ளுறன். இப்ப நான் பிள்ளையை ஏசேக்க ஏன் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்? என்னையும் சேத்தெல்லோ அவளுக்கு அநியாயம் செய்ய வைச்சிட்டியள்."

அவள் மதுஷாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாரகன் சமையலறையிலேயே நின்றான். போகலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தோகாவில் வெள்ளியும் சனியும்தான் பள்ளி விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை, மதுஷா பால்கனியில் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாரகன் பக்கத்தில் போய் இருந்தான்.

"நான் பொய் சொன்னனான், பிள்ளை. முதல் சொன்னதும் பொய். நேற்று உன்னைச் சொன்னது அதைவிடக் கூடாத பொய்."

"தெரியும். அம்மா சொன்னவ."

"ஞாயிற்றுக்கிழமை ஸ்கூலுக்கு வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லப் போறன்."

அவள் பதறிப் போனாள். "நோ, அப்பா! ப்ளீஸ், கிளாசுக்கு வராதேங்கோ. எல்லாரும் என்னைத்தான் பாப்பினம்."

தாரகன் அதை யோசித்திருக்கவே இல்லை. எல்லோர் முன்னிலையிலும் சொல்லித் தலை குனிந்து நின்றால் தன் மனம் ஆறும் என்றுதான் நினைத்திருந்தான். அங்கேயும் அவளைத்தான் நிறுத்தப் பார்த்திருக்கிறான் என்று இப்போது தெரிந்தது. "அப்ப நான் என்ன செய்ய வேணும்? நீ சொல்லு."

"ஸ்கூல் முடிஞ்சாப் பிறகு வாங்கோ. மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ. லைப்ரரி மிஸ்ஸிட்டயும். நான் பிழையா எழுதேல்ல எண்டு சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பள்ளி நூலகத்தில் மிஸ்ஸிஸ் கெஸ்லர் புத்தகங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் மலர்ந்த முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டார். தாரகன் உட்காரவில்லை. தன் அலுவலக ஆங்கிலத்தில் சொன்னான். நான் உங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. எனக்கு விசா கிடைக்கவில்லை. அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லி வந்தேன்.

மிஸ்ஸிஸ் கெஸ்லர் கையிலிருந்த புத்தகத்தை வண்டியில் வைத்தார். "அன்றைக்கே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது," என்றார். "நீங்கள் சங்கடப்படக் கூடாது என்றுதான் புதிய கட்டடம் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சங்கடம் உங்கள் மகளின் தலையில் விழும் என்று நினைக்கவில்லை. எனக்கும் வருத்தமாக இருக்கிறது."

அவர் திட்டியிருந்தால் தாரகனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மிஸ் ஆமிரா அவ்வளவு இளகவில்லை. வகுப்பறையில், பிள்ளைகளின் சின்ன மேசைகளுக்கு நடுவில் நின்று கேட்டார். கேட்டு முடித்ததும், "வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அவளைத் திருத்தினேன். அந்தத் தவறை வகுப்பு முழுக்கக் கேட்கும்படிதான் நான் சரிசெய்ய வேண்டும். அப்படிச் செய்தால் உங்களைப் பற்றியும் தெரிய வரும்," என்றார்.

"அதை மகளிடம் கேளுங்கள்," என்றான் தாரகன்.

தாழ்வாரத்தில் பையோடு நின்ற மதுஷாவை ஆசிரியை உள்ளே கூப்பிட்டார். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிழை என்னுடையது இல்லை என்று சொல்லுங்கள், மிஸ்," என்றாள். "யாருடையது என்று சொல்ல வேண்டாம்."

தகப்பன் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே அவள் அதைச் சொன்னாள். தாரகன் சுவரிலிருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் ஒரு ஊரின் பெயரும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மதுஷா காரில் முன் சீட்டில் ஏறினாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டுக்குக் கீழே காரை நிறுத்தியதும் சொன்னாள்.

"மிஸ் சொல்லிட்டா. என்ர பிழை இல்லையாம். எனக்கு சொரியும் சொன்னவா."

"நல்லது, பிள்ளை. மற்றவை என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லேல்ல. ஹிஃப்ஸா மட்டும் பிரேக்ல கேட்டவள், அப்ப உன்ர அப்பாதான் பொய் சொன்னவரோ எண்டு."

தாரகன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டு சொன்னன். ஏன் எண்டு கேட்டவள். தெரியாது எண்டு சொன்னன்." அவள் முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினாள். "ஏன் அப்பா?"

அவன் சொல்லத் தொடங்கினான். இந்தத் தடவை கதை மாதிரிச் சொல்லவில்லை. அப்பப்பா இராஜரத்தினம் வைத்த விருந்தைச் சொன்னான். தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளியதைச் சொன்னான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கொழும்பின் பெரிய சாலையான காலி வீதி நெடுகிலும் நடந்ததை, கடையில் மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு அனுப்பும் சான்றிதழ்களுக்கெல்லாம் கொப்பி எடுத்துக் கொடுத்ததைச் சொன்னான். ஊர்க்காரர் யாராவது கடைக்குள் வந்தால் மெஷினுக்குப் பின்னால் குனிந்து கொள்வதையும் சொன்னான். இதையெல்லாம் அவன் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மதுஷா குறுக்கிடாமல் கேட்டாள். அவள் முகத்தில் இரக்கம் இருக்கிறதா கோபம் இருக்கிறதா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"விசா குடுக்காதது அவைதானே," என்றாள் கடைசியில். "நீங்கள் ஏன் வெக்கப்பட்டனீங்கள்?"

தாரகன் எஞ்சினை நிறுத்தினான். இவ்வளவு வருடமும் அந்தக் கேள்வியை அவன் தன்னிடம் கேட்டுப் பார்த்ததே இல்லை.

"யோசிச்சுச் சொல்லுறன், பிள்ளை."

"சரி. ஆனா உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள் மதுஷா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, அவனுக்காக நிற்காமல் லிஃப்ட் பக்கம் நடந்தாள்.